ஒரு கோடு கூடக் காட்டிய மைக்ரோமீட்டர்

கண்ணாடி போட்ட பிறகும் ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற வயசுக்கு வந்துவிட்டோம் அல்லவா சேக்காளிகளே, அதனால் உங்களிடம் சொல்லலாம். சின்னவர்களிடம் சொன்னால், "அப்பவே கேட்டிருக்கலாமே" என்பார்கள். அவர்களுக்கு என்ன, எதையும் கேட்டுவிடுவார்கள். நாம்தான் கேட்காமல் விட்டதை மூட்டை கட்டி வைத்திருக்கிறோம்.

முப்பது வருஷத்துக்கு மேல் ரேஷன் கடையில் எடை போட்டவள் நான். "ஏம்மா, தராசு சரியா இருக்கா?" என்று ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்பார்கள். கேட்டவர்கள் மேல் வள்ளென்று விழுவேன். வாயாடி என்று பெயர் வாங்கினேன், அதுவும் சரிதான். அந்தக் கேள்வி எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பது நாயுடுபுரத்தில், எனக்குப் பதினொரு வயசில், ஒரு பனிக்காலத்தில் நடந்த விஷயம்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். அப்பா அங்கே தேயிலைத் தூள் செய்கிற ஸ்டோரில் என்ஜின் ரூம்காரர். அம்மா கொழுந்து பறித்தவள். எனக்கு ஆறு வயசாக இருந்தபோது கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் வாட்டில் காட்டுக்குப் பட்டை உரிக்கப் போனார்கள். தோல் பதனிட அந்தப் பட்டை லாரி லாரியாகக் கீழே போகும். உரிக்கிறவர்களின் கை கறுத்துப் போகும், கழுவினால் போகாது. அப்பா அதற்குப் போகவில்லை. "நான் என்ஜின் பாத்த கை. இது போதும், பொழச்சுக்கிருவேன்" என்று சொல்லி, நாயுடுபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. ஸ்டவ் ரிப்பேர், தண்ணீர் மோட்டார் ரிப்பேர், மருந்தடிக்கிற பம்பு ரிப்பேர். பெரிய வேலை ஒன்றும் வரவில்லை. ஊருக்கு அவரைத் தெரியாது. தெரியாத கையில் யார் என்ஜினைக் கொடுப்பார்கள்?

அவரிடம் ஒரு சொத்து இருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது ஸ்டோர் தொரை கொடுத்த மைக்ரோமீட்டர். உள்ளங்கை நீளத்தில் ஒரு மரப்பெட்டி, உள்ளே நீல வெல்வெட், அதில் பதிந்து கிடக்கும் அந்தச் சாமான். குதிரை லாடம் மாதிரி வளைவு, ஒரு பக்கம் திருகு. திருகைச் சுற்றினால் இரண்டு இரும்பு முகங்களும் நெருங்கி வரும், நடுவில் வைத்த பொருளின் கனத்தைக் கோடு காட்டும். ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு தவ். நம் தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராது. அதை அளக்கும் அந்தச் சாமான். நான் தொட்டால் அம்மா கையில் அடிப்பாள். அப்பா அடிக்க மாட்டார், "மெதுவா, மெதுவா" என்பார்.

மண்டபத்தில் டிரங்குப் பெட்டியை இறக்கியவன் கை நழுவ விட்டுவிட்டான். அன்று பெட்டிக்குள் இருந்த கண்ணாடி, சாமிப்படம் எல்லாம் உடைந்ததற்கு அம்மா அழுதாள். அப்பா மைக்ரோமீட்டரைத் திறந்து, இரண்டு முகமும் ஒட்டுகிற வரை மூடிப் பார்த்தார். பூஜ்யத்தில் நிற்க வேண்டியது ஒரு கோடு தள்ளி நின்றது. அதைத் திருத்த ஒரு குட்டிக் கொக்கிச் சாவி உண்டு. பெட்டி விழுந்த அமளியில் அது காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து அந்தச் சாமான் எதை அளந்தாலும் ஒரு தவ் கூடத்தான் காட்டும்.

"இவன் ஒரு தவ் பொய் சொல்லுவான்" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். யாராவது பட்டறையில் வந்து உட்கார்ந்தால் பெட்டியைத் திறந்து காட்டுவார், அதையும் சொல்வார். எனக்கு அதைக் கேட்டால் வயிறு எரியும். எல்லாம் விட்டுவிட்டு வந்தோம், வந்த ஒரு நல்ல சாமானும் கெட்டுப் போயிற்றே என்று. அப்பா கஷ்டப்படுவதற்கே அதுதான் காரணம் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். பதினொரு வயசு மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அந்த மார்கழியில் கம்பவுண்டர் வந்தார். டவுனில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தவர். வாரத்தில் இரண்டு நாள் பூம்பாறை, மன்னவனூர் என்று மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டு வருவார். மேல் கிராமத்துச் சனங்களுக்கு டாக்டர் என்றால் அவர்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"மேஸ்திரி, அடியில கடகடன்னு சத்தம் போடுது. கீழ திண்டுக்கல்லுக்குக் கொண்டு போனா ஒரு மாசம் போட்டு வச்சுருவான். அங்க மன்னவனூர்ல எனக்காகக் காத்துக் கெடக்குதுக. உம்மால முடியுமா? வெரசா சொல்லும்."

அப்பா கிக்கரைக் கையால் அமுக்கி என்ஜினை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "அடியில ராடு மாட்டுற எடத்துல, பிக் எண்ட் புஷ் தேஞ்சிருக்கு அய்யா. பிரிச்சு, அளந்து, புதுசு போடணும். முடியும்."

"நல்லபடியா ஓடுச்சுன்னு வையும், டாக்டர் ஜீப்பு உம்ம பட்டறைக்குத்தான். அப்புறம் பாரும், ஊர்ல உள்ள வண்டியெல்லாம் இங்கதான் நிக்கும். ஓடலைன்னா..." என்று இழுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஓடவில்லை என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காட்டுக் கங்காணி அதற்குள் இரண்டு முறை வந்து, பட்டை உரிக்க ஆள் குறைகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அன்று சாயங்காலம் அம்மா தேத்தண்ணி ஊற்றும்போது, "ஏங்க, இது மட்டும் ஓடிருச்சுன்னா இந்தக் கத்தியத் தூக்கிப் போட்டுருவேன்" என்றாள். பட்டை உரிக்கிற கத்தி ஒன்றை, வந்த புதிதில் அப்பாவிடம் கொடுத்திருந்தார்கள். அது அடுப்புக்குப் பின்னால் சாக்கில் சுற்றிக் கிடந்தது.

என்ஜினைப் பிரித்துப் போட்டார். கொட்டகை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. அரிசி களைகிற அலுமினியச் சட்டியில் பல் சக்கரங்களைப் போட்டுக் கழுவினார் என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. காலையில் தகரத்தின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் சொட்டுச் சொட்டாக உள்ளே விழும். அப்பா ஒவ்வொரு சாமானையும் துணியில் மூடி வைப்பார். இந்த வாசனையும் இந்தச் சொட்டும் இன்றைக்கும் எனக்குள் இருக்கின்றன. மூட்டு வலி மாத்திரை போட்டால்கூடப் போவதில்லை.

இனிமேல்தான் நான் செய்த காரியம்.

ஒரு நாள் அப்பா ஏதோ சோலியாக வத்தலக்குண்டுக்கு வெள்ளனே பஸ் ஏறிவிட்டார். நான் மைக்ரோமீட்டர் பெட்டியை எடுத்துப் பைக்குள் புத்தகங்களுக்கு நடுவே வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனேன். எங்கள் சயின்ஸ் டீச்சர் ரொம்ப நல்லவர். ஆறாம் வகுப்புக்குச் சொல்லித்தராத விஷயத்தையெல்லாம் லேபுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

"ஏய், ஸ்குரூ கேஜ்! சூப்பரா இருக்கே, யாரோடது?" என்றார்.

"எங்கப்பாவோடது டீச்சர். ஒரு கோடு பொய் சொல்லுது. உங்களால சரி பண்ண முடியுமா?"

அவர் மூடிப் பார்த்தார். "ஆமா, ஜீரோ எர்ரர். இதுக்கா இத்தனை நாள் கஷ்டப்பட்டாரு? ஒன் மினிட் வேலைம்மா." லேப் அலமாரியிலிருந்து ஒரு கொக்கிச் சாவியை எடுத்து, கைப்பிடிக் குழாயில் இருந்த ஓட்டையில் மாட்டி லேசாகத் திருப்பினார். மறுபடி மூடினார். பூஜ்யம் பூஜ்யத்தில் நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

நோட்டிலிருந்து ஒரு துண்டு கிழித்து, "அப்பா, இனிமே இது பொய் சொல்லாது" என்று எழுதினேன். அதை மடித்து, பெட்டியின் நீல வெல்வெட்டுக்கு அடியில் செருகி வைத்தேன். என்ஜின் ஓடுகிற அன்று, எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது, "வெல்வெட்டத் தூக்கிப் பாருங்கப்பா" என்று சொல்ல வேண்டும். அவர் பார்க்க வேண்டும். என்னைத் தூக்கிச் சுற்ற வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம்.

மறுநாள் காலை அப்பா அளந்தார். கிராங்க் பின் என்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த கனமுள்ள ஒரு இரும்பு உருளை. அதன்மேல்தான் வெண்கலப் புஷ் சுற்றும். பின்னைத் துடைத்து, மைக்ரோமீட்டருக்குள் வைத்து, திருகை விரல் நுனியால் திருப்பி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துக் கோட்டைப் பார்த்தார். "தொள்ளாயிரத்தி அறுவத்தி நாலு" என்றார். ஐந்து வருஷமாக ஒரே பொய்யோடு பழகிய மனிதர். மூடிப் பார்த்துவிட்டு அளக்கிற பழக்கம் எப்போதோ போய்விட்டது.

கம்பவுண்டர் அன்றும் வந்திருந்தார். "அத்தனை சின்ன எடத்துக்கா இவ்வளவு பாக்குறீரு?" என்று கேட்டார்.

"பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல ரெண்டு தவ் எடம் வேணும் அய்யா. எண்ணெ நிக்கணும்ல. கூடிப்போச்சுன்னா சத்தம் போடும். கொறஞ்சுபோச்சுன்னா கடிச்சுப் பிடிச்சுரும்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், என் எழுத்து நன்றாக இருக்கும். காலண்டர் தாளின் பின்பக்கம் என் இங்க் பேனாவால் எழுதச் சொன்னார். "புஷ் உள் அளவு, தொள்ளாயிரத்து அறுபத்தைந்து." எழுதினேன். வத்தலக்குண்டு லேத்துக்காரருக்கு அந்தத் தாளைப் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டோம். லேத்துக்காரர் அந்த அளவுக்கே கடைந்து அனுப்புவார்.

சேக்காளிகளே, நீங்கள் இதற்குள் கணக்குப் போட்டிருப்பீர்கள். பின் அறுபத்து நாலு, இடம் இரண்டு, ஆக அறுபத்தாறு. அப்பா தன் வழக்கப்படி மனசுக்குள் ஒன்றைக் கழித்துவிட்டு இரண்டைக் கூட்டி அறுபத்தைந்து என்றார். கழிக்க வேண்டிய பொய்யை நான் முந்தின நாளே கழித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் கழிக்கிறவர் என்று எனக்குத் தெரியாது. சாமான் பொய் சொன்னால் அளவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்தேனே தவிர, அந்தப் பொய்யைத் தெரிந்துகொண்டே ஒரு மனுஷன் ஐந்து வருஷமாகச் சரியாக அளந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று எண்ணும் என் காதில் விழுந்தன. ஒன்றை என் கையாலேயே எழுதினேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு அது.

புஷ் வந்தது. வெண்கலம், பொன்னாட்டம் மின்னியது. மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்த அப்பாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"இறுக்கமா இருக்கே" என்றார்.

"அப்ப இன்னொருக்கா அளந்து பாருங்களேன்" என்றாள் அம்மா.

"அளந்தாச்சு. இந்தக் குளிருக்கு எண்ணெ கெட்டியா கெடக்கு, அதான். புதுப் புஷ்ஷு, ஓட ஓடப் பழகிரும்." விரல் ஒன்று சொல்லிற்று, அளவு ஒன்று சொல்லிற்று. அவர் அளவை நம்பினார். அளவுக்காரர் அவர், வேறு எதை நம்புவார்?

என்ஜின் மூன்றாவது உதையிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம்! கடகடப்பு கிடையாது, சீராக, மெத்தென்று. அம்மா கையில் மாவோடு ஓடி வந்தாள். கம்பவுண்டர் அப்பாவின் தோளைத் தட்டி, "மேஸ்திரி, கெட்டிக்காரர்தான்யா!" என்றார். என்னை முன்னால் உட்கார வைத்து ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு அழைத்துப் போனார். குளிர்காற்றில் மூக்கு எரிந்தது. ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததும் வெல்வெட்டுச் சமாசாரத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். வந்து பார்த்தால் பட்டறையில் நாலு பேர் நின்று அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"மொத நூறு மைலுக்கு மெதுவாப் போங்க. ஏத்தத்துல அங்கங்க நிறுத்தி ஆற விட்டுப் போங்க அய்யா" என்று அப்பா மூன்று தரம் சொன்னார். கம்பவுண்டரும் அப்படியே போனார் என்றுதான் பின்னால் சொன்னார், அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஏற்றமெல்லாம் ஏறி, பூம்பாறைக்கு முந்தின இறக்கத்தில் இறங்கும்போது என்ஜின் கடித்துப் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் சுற்றாமல் நின்றது. வண்டி வழுக்கி, அவர் பூண்டு வயல் படிக்கட்டுக் கல்லில் போய் விழுந்தார். முழங்கால் நொறுங்கிவிட்டது. பூண்டு லாரியில் போட்டுத்தான் டவுனுக்குக் கொண்டு வந்தார்கள்.

ஊர் என்ன பேசும்? "சிலோன்காரன் கட்டுன என்ஜினுய்யா." அவ்வளவுதான் பேசியது. அதற்கு மேல் பேச வேண்டிய தேவையே இல்லை.

வண்டியையும் லாரியில் ஏற்றி வந்து பட்டறையில் போட்டார்கள். அப்பா தனியாகவே பிரித்தார். இரண்டு நாள் கழித்து நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மைக்ரோமீட்டர் பெட்டி. என்னைப் பார்த்ததும் மூடியைச் சட்டென்று மூடினார்.

"பசிக்குதாம்மா?"

"இல்லப்பா."

"ஒங்க சயின்ஸ் டீச்சர் நல்லவங்களா?"

"ரொம்ப நல்லவங்கப்பா."

"ம். நல்லாப் படி" என்றார். அம்மாவைக் கூப்பிட்டு எனக்குப் பாண், அதான் ரொட்டி, வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நான் தின்றேன். வெல்வெட்டும் சீட்டும் என் நினைவிலேயே இல்லை. வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும்போது விளையாட்டுத்தனமான ஒரு சீட்டு யாருக்கு ஞாபகம் வரும்? அதற்கப்புறம் ஒரேயடியாக மறந்தும் போனேன்.

மறுநாள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கம்பவுண்டர் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். லேத்துக்காரன் தப்பா, எண்ணெயில் தப்பா, ஓட்டினதில் தப்பா என்று ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அவர் காலடியில் நின்று, "லேத்துல தப்பில்ல. நீங்க ஓட்டுனதுலயும் தப்பில்ல அய்யா. அளவுலதான் தப்பு. கணக்கு என்னோடது" என்றார்.

ஒருத்தர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். என் கையை விடவில்லை. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஏன் இந்த மனுஷன் வலியப் போய்த் தலையைக் கொடுக்கிறார் என்று இருந்தது. கையை உருவிக்கொண்டு வெளியே ஓடிப்போய் நின்றேன்.

ஜீப்பு வரவில்லை. ஸ்டவ்வும் வரவில்லை. தை பிறந்ததும் அப்பா அடுப்புக்குப் பின்னாலிருந்து அந்தச் சாக்கை எடுத்துப் பிரித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் இருபத்திரண்டு வருஷம் அப்பா வாட்டில் பட்டை உரித்தார். கை கறுத்தது. நான் பார்த்த கடைசி நாள் வரை வெளுக்கவே இல்லை.

பதினான்கு வயசில் ஒரு சண்டையில் அவரிடம், "ஒரு தவ் ஒழுங்கா அளக்கத் தெரியாதவருக்கு எதுக்கு அந்தப் பெட்டி? தூக்கிப் போடுங்க" என்று கத்தினேன். அவர், "அது பாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்கட்டும்மா" என்றார். அவ்வளவுதான்.

பதினாறு வயசில்தான் இடி விழுந்தது. பிளஸ் ஒன் லேபில் என் கையில் ஒரு திருகு அளவியைக் கொடுத்தார்கள். "முதல்ல மூடிப் பாருங்க. பூஜ்யத்துல நிக்கலைன்னா அது சுழிப்பிழை. கூடக் காட்டினா அளவுல கழிச்சுக்கணும்" என்றார் வாத்தியார். கழிச்சுக்கணும் என்ற சொல் காதில் விழுந்ததும் அளவியை மேஜையில் வைத்துவிட்டேன். அறுபத்து நாலு. அறுபத்தைந்து. என் இங்க் பேனா. டீச்சரின் கொக்கிச் சாவி. எல்லாம் சேர்ந்து வந்து நின்றன. லேபை விட்டு வீட்டுக்கு நடந்தேன், ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா காட்டிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். "அப்பா, அந்த மைக்ரோமீட்டரக் கொஞ்சம் எடுங்க. ஒண்ணு பாக்கணும்" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். துண்டால் மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கும்மா?"

"லேப்ல சொல்லிக் குடுத்தாங்க. மூடிப் பாக்கணும்."

"டிரங்குப் பெட்டி சாவி எங்கயோ கெடக்கு. தேடி வைக்கிறேன். நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் விடிகிற நேரத்தில் கொல்லைப்புறத்தில் அரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. கர்ர், கர்ர் என்று ரொம்ப நேரம். கத்தி தீட்டுகிறார் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பா மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பெட்டி இல்லை, சாமான் மட்டும். என் கண் முன்னால் திருகி மூடினார்.

"பாரு. இன்னும் அதே ஒரு கோடு. அதே பொய்தான்" என்றார்.

ஒரு கோடு தள்ளித்தான் நின்றது. நான் என் கண்ணால் பார்த்தேன். அப்பாடா என்று இருந்தது எனக்கு! டீச்சர் திருத்தியது நிலைக்கவில்லை, பெட்டி ஆடின ஆட்டத்தில் மறுபடி நகர்ந்துவிட்டது, அப்பா அளந்தபோதும் ஒரு கோடு கூடத்தான் காட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் அவர்தான் கோட்டைத் தப்பாகப் பார்த்திருக்கிறார், தப்பு என்மேல் இல்லை. பாரம் இறங்கி, துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அவர் வாசலிலேயே நின்று நான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வாய் நீண்டுவிட்டது. கல்யாணம் ஆகி திண்டுக்கல்லுக்குப் போன பிறகும் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வேன். "எங்கப்பா ஒரு தவ்வுல கோட்டை விட்ட மனுஷன்" என்பேன். என் பிள்ளைகள் அவரை "ஒரு தவ் தாத்தா" என்றே கூப்பிட்டார்கள். அவரும் "என்னடா கண்ணு" என்று திரும்பிப் பார்ப்பார், சிரிப்பார். ஒரு நாளும் முகம் வாடிப் பார்த்ததில்லை.

போன தை மாசம் அப்பா போய்விட்டார். அம்மா அவருக்கு முன்னாலேயே போய்விட்டாள். கம்பவுண்டரும் முழங்கால் மடங்காமலே எப்போதோ போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து நாயுடுபுரம் வீட்டைக் காலி பண்ண நான் மட்டும் போயிருந்தேன். மத்தியான வெயில். டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த மரப்பெட்டி இருந்தது. அதன் மூடியை நான் திறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. மைக்ரோமீட்டரை எடுத்தபோது வெல்வெட்டும் கூடவே பெயர்ந்து வந்தது.

அடியில் நோட்டுத் தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. மடிப்பு கிழிந்து, அடிக்கடி பிரித்து மடித்த தாள். "அப்பா, இனிமே இது பொய் சொல்லாது." என் கையெழுத்து. தாளுக்குள் ஒரு சின்ன இரும்புத் துண்டு. ரம்ப பிளேடை உடைத்து, முனையைக் கொக்கியாக வளைத்து, அரத்தால் ராவி ராவி இழைத்த துண்டு. மைக்ரோமீட்டர் ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். அச்சாக மாட்டிக்கொண்டது.

கொல்லைப்புறத்தில் கர்ர், கர்ர் என்று கேட்டது கத்தி தீட்டுகிற சத்தம் இல்லை சேக்காளிகளே.

பட்டறைத் தரையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அன்றே அவர் மூடிப் பார்த்திருக்கிறார். பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். வெல்வெட்டைத் தூக்கியிருக்கிறார். படித்துவிட்டுத்தான் "பசிக்குதாம்மா" என்று கேட்டிருக்கிறார்; அந்தச் சாவி பள்ளிக்கூட லேபில்தான் இருக்கும் என்று ஊகித்துத்தான் டீச்சரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு போய், "கணக்கு என்னோடது" என்று சொல்லியிருக்கிறார். ஐந்து வருஷம் கழித்து நான் லேபிலிருந்து ஓடி வந்து நின்றபோது, என் முகத்தைப் பார்த்ததுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, விடிவதற்குள் ஒரு சாவி செய்து, அந்தப் பொய்யைத் திரும்பவும் ஒரு கோடு நகர்த்தி வைத்திருக்கிறார். நான் துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காக.

ஒரு தவ் தாத்தா. நான் வாங்கிக் கொடுத்த பேர்.

மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தேன். ஒரு கோடு தள்ளி நின்றது. கையில் சாவி இருந்தது, திருப்பினால் ஒரு நிமிஷ வேலை. திருப்பவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு, யாருமில்லாத அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னேன். "அப்பா, அது நாந்தான்பா."

அவருக்குத் தெரிந்த விஷயம்தான். அதை என் வாயால் அவர் ஒரு தடவை கேட்டிருக்கலாம், அதற்குத்தான் நான் வழி விடவில்லை.